‘தப்புறது தப்பும்’ என்பது வைத்தியம் அல்ல

கிளிநொச்சியின் ஸ்கந்தபுரத்தில் ஒரு நாய்க்குட்டிக்கு வயித்தாலை போகத் தொடங்கினால் அரை மணித்தியாலத்துக்குள் அந்த வளவில் மூன்று வைத்தியர்கள் கூடிவிடுவார்கள். ஒருவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றபடியே சொல்வார்: “உது பூச்சிதான் தம்பி. பாமசியில பூச்சி மருந்து வாங்கி ஊத்திவிடும்.” இரண்டாமவர் படலையைத் திறந்துகொண்டு வந்து, குனிந்து மணந்து பார்த்துத் தலையை ஆட்டுவார்: “பார்வோ. இனிச் சரிவராது.” மூன்றாமவர் பெரும்பாலும் வயதில் மூத்தவர். இருவரையும் சமாதானப்படுத்துகிற மாதிரிப் பேச்சை முடித்து வைப்பார்: “தப்புறது தப்பும், போறது போகும். நாய்க்குப் போய் என்னத்துக்கு டொக்டரும் டெஸ்ற்றும்?”

முதல் இருவரோடும் எனக்குப் பெரிய சண்டை இல்லை. அவர்கள் சொல்லும் இரண்டும், குடற்பூச்சியும் பார்வோ என்ற வைரசு நோயும், இந்த மண்ணில் உள்ளவைதான். ஏதோ ஒரு காரணம் இருக்கிறது என்றாவது அவர்கள் நம்புகிறார்கள். என் வழக்கு மூன்றாமவரோடு. அவர் பேச்சு அனுபவத்தில் பழுத்த பேச்சுப்போல ஒலிக்கும். ஊர் முழுக்க ஏற்றுக்கொண்டதும் அதைத்தான். விரித்துச் சொன்னால் இப்படி வரும்: பார்வோ என்றால் மருந்து கிடையாது, ஆகவே நோயின் பெயரை அறிந்து பிரயோசனம் இல்லை. பார்வோ இல்லையென்றால் தானே மாறிவிடும். ஆகவே அப்போதும் பிரயோசனம் இல்லை. எந்த வழியால் போனாலும் காசு மிச்சம்.

கேட்டவுடன் மறுக்க வராது. அடைத்த வேலிபோல நெருக்கமான தருக்கம். ஆனால் அந்த வேலியைத் தாங்கும் கதியால் இரண்டும் உக்கியவை.

இதைச் சொல்லும் யோக்கியதை எனக்கு இலவசமாக வரவில்லை. நானும் அந்தக் கட்சியில் இருந்தவன்தான். போன மாரிக்கு எங்கள் வீட்டில் ஒரு குட்டி செத்தது. இரண்டு நாள் சத்தி, மூன்றாம் நாள் இரத்தமாக வயிற்றோட்டம், நாலாம் நாள் விடியப் பார்த்தால் சாக்கில் விறைத்துக் கிடந்தது. முருங்கைக்குக் கீழே தாட்டோம். என்ன நோய் என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. நான்கு மாதம் கழித்து, பிள்ளைகளின் அழுகையை ஆற்ற, சூட்டி என்று இன்னொரு குட்டியைக் கொண்டுவந்தோம். அதன் கதைக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் ‘தானே மாறிவிடும்’ என்கிற கதியாலை அசைத்துப் பார்ப்போம். சில வயிற்றோட்டங்கள் தானே மாறும், உண்மைதான். பால்மாவைக் கரைத்து ஊற்றியதால் வந்தது, கல்யாண வீட்டு எச்சில் இலையை நக்கியதால் வந்தது, இடம் மாறிய பயத்தில் வந்தது எல்லாம் ஓரிரு நாளில் நின்றுவிடும். இவற்றைக் கண்ட கண்ணால்தான் ஊர் மற்றவற்றையும் பார்க்கிறது.

கொக்கிப்புழுவை எடுத்துக்கொள்ளுங்கள். தாய் நாயின் தசைக்குள் தூங்கிக் கிடக்கும் அதன் குடம்பிகள் குட்டி போட்டதும் விழித்துப் பாலோடு குட்டிகளுக்குள் இறங்கும். கண் திறக்காத குட்டிக்கே தொற்று வந்துவிடும் என்று அர்த்தம். குடற்சுவரைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும் ஒரு புழு ஒரு நாளைக்கு 0.1 மில்லிலீற்றர் வரை இரத்தத்தை இழக்க வைக்கும். சின்னத் தொகைதான். ஆனால் ஒரு கிலோ எடையுள்ள குட்டியின் உடம்பில் ஓடுகிற மொத்த இரத்தமே 80, 90 மில்லிலீற்றர். நூறு புழு இருந்தால் நாளுக்கு 10 மில்லிலீற்றர் போகும். ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. இந்தக் குட்டிக்கு எங்கே ‘தானே மாறும்’? மேலுதட்டைத் தூக்கி முரசைப் பார்த்தால் கடதாசி மாதிரி வெளுத்திருக்கும். அந்த முரசை யாரும் தூக்கிப் பார்ப்பதில்லை. மலத்தைத்தான் மணந்து பார்க்கிறோம்.

“அதுக்குத்தானே பூச்சி மருந்து எண்டு சொன்னனாங்கள்” என்பார் முதலாமவர். சரி. குடலில் கொக்சீடியா இருந்தால்? அது புழு இல்லை, ஒற்றைக்கல உயிரி. சாதாரணப் பூச்சி மருந்து அதைத் தொடாது. அதற்கு மருந்து வேறு. ஜியார்டியாவும் ஒற்றைக்கல உயிரிதான். அதற்குச் சில பூச்சி மருந்து கேட்கும், ஆனால் நாட்கணக்கில் தொடர்ந்து கொடுத்தால்தான். ஒரு தரம் வாயில் ஊற்றிவிட்டுப் போத்தலை மூடி வைத்தால் கேட்காது. இந்தக் குட்டிகளுக்குப் பூச்சி மருந்து ஊற்றி, ‘கேக்கேல்லை’ என்று மறுபடியும் ஊற்றி, மூன்றாம் தரம் அளவைக் கூட்டி ஊற்றியவர்களை எனக்குத் தெரியும். மருந்து பிழையில்லை. நோய்தான் வேறு.

இன்னொன்று இருக்கிறது. குடலின் ஒரு துண்டு அடுத்த துண்டுக்குள், சட்டைக் கை உள்ளே மடிந்து போவதுபோல, நுழைந்து இறுகிவிடும். புழு நிறைந்த குட்டிக்கும், கடும் வயிற்றோட்டத்தில் குடல் முறுகுகிற குட்டிக்கும் இது வரும். சத்தி, கொஞ்சம் கொஞ்சமாக இரத்தமும் சளியும், சாப்பாட்டில் வெறுப்பு. பார்க்கிறவருக்குப் பார்வோவேதான். வயிற்றை மெதுவாகத் தடவத் தெரிந்த கைக்கு உள்ளே ஒரு தடித்த குழாய் தட்டுப்படும். இதற்குக் குளிசை கிடையாது, ஊசி கிடையாது. வயிற்றைத் திறந்து குடலை விடுவிக்க வேண்டும். இதைப் பார்வோ என்று தீர்த்துச் சாகவிட்ட குட்டிகள் எத்தனை என்று எண்ணவே முடியாது. தாட்ட பிறகு யார் பார்க்கிறார்கள்?

அதைவிடப் பயங்கரமானது ஒன்று. குட்டி சாப்பிடாமல், தண்ணி விழுங்க முடியாமல், வாயால் வீணி வடிய நின்றால் நாங்கள் ‘தொண்டையில எலும்பு சிக்கிப் போச்சு’ என்று வாய்க்குள் கைவிட்டுத் துழாவுவோம். விசர்நாய் நோயின் ஒரு முகம் அப்படித்தான் இருக்கும். குட்டிகளுக்கும் அது வரும். அறிகுறி தோன்றிய பிறகு நாயும் தப்பாது, மனிதரும் அநேகமாகத் தப்புவதில்லை. அந்த நேரம் ‘தப்புறது தப்பும்’ என்ற வசனம் யாருடைய உயிரைப் பற்றிப் பேசுகிறது?

இனி மற்றக் கதியால்: ‘பார்வோவுக்கு மருந்தில்லை.’

இந்த வைரசு பழைய காலத்து நோயும் இல்லை. 1978 இல்தான் உலகம் இதைக் கண்டது. பூனைகளுக்கு வருகிற நெருங்கிய உறவுக்கார வைரசு ஒன்றிலிருந்து கிளைத்தது என்று கருதப்படுகிறது. ஓரிரு வருடத்துக்குள் கண்டம் கண்டமாகக் குட்டிகள் செத்தன. அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் லேலண்ட் கார்மைக்கேல், மாக்ஸ் அப்பெல் போன்றவர்கள் உடனேயே அதைப் பிரித்தெடுத்துத் தடுப்பூசிக்கு வழி திறந்தார்கள். ஒன்றைக் கவனியுங்கள்: அன்றைக்கு நாய் வளர்த்தவர்களுக்கும் அது வெறும் வயிற்றோட்டமாகத்தான் தெரிந்தது. யாரோ ஒருவர் ‘இது வழமையானது இல்லை, இது என்ன?’ என்று கேட்டதால்தான் ஊசி வந்தது.

வைரசைக் கொல்ல வழமையாகக் கையில் கிடைக்கிற மருந்து இல்லை என்பது மெய். ஆனால் குட்டி சாவது பெரும்பாலும் வைரசின் கையால் நேரே இல்லை. வேகமாகப் பிரிந்து பெருகும் கலங்களைத்தான் அது தேடிப் போகும். குடலில் அப்படிப்பட்ட கலங்கள் அழிய, உட்சுவர் உரிந்து, உடம்பின் தண்ணியும் உப்பும் வெளியே கொட்டும். குடலில் இருக்க வேண்டிய கிருமி இரத்தத்துக்குள் ஏறும். எலும்பு மச்சையிலும் அது கைவைப்பதால் கிருமியோடு சண்டை பிடிக்க வேண்டிய வெள்ளணுக்களும் குறைந்துவிடும். குளக்கட்டும் உடைந்து, மண்மூடை அடுக்க வேண்டிய ஆட்களும் இல்லாத நிலை. இப்போது சொல்லுங்கள்: தண்ணி கொடுப்பது, உப்பும் சீனியும் சரிப்படுத்துவது, சத்தியை நிறுத்துவது, இரத்தத்தில் ஏறும் கிருமிக்கு மருந்து கொடுப்பது இவையெல்லாம் மருந்து இல்லையா? இடம்பெயர்ந்த முகாம்களில் பிள்ளைக்கு வயிற்றோட்டம் என்று ஜீவனி உப்புநீர் கரைத்த எந்தத் தாயும் ‘அது மருந்தில்லை’ என்று சொல்லமாட்டாள்.

கவனிக்காமல் விட்டால் பத்தில் ஒன்று தப்புவதே பெரிது. கவனித்தால் கணக்குத் தலைகீழாகும். அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 40 பார்வோக் குட்டிகளை வைத்து ஓர் ஆய்வு செய்து 2017 இல் வெளியிட்டார்கள். பாதிக் குட்டிகளுக்கு வைத்தியசாலையில் வைத்து முழுச் சிகிச்சை. மற்றப் பாதிக்கு முதலில் நாளத்தால் சேலைன் ஏற்றித் தேற்றிவிட்டு, அதன் பிறகு வீட்டில் வைத்தும் செய்யக்கூடிய முறை: தோலுக்கடியில் சேலைன், சத்தி நிறுத்தும் ஊசி, நீண்ட நாள் நிற்கிற ஒரு அன்ரிபயோட்டிக் ஊசி, கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாடு. முதற் கூட்டத்தில் 90 சதவீதம் தப்பின. இரண்டாவதில் 80 சதவீதம். பெரிய ஆஸ்பத்திரி இல்லாத ஊருக்கு இதைவிட நல்ல செய்தி வேறு உண்டா? கொலராடோவையும் எங்கள் ஊரையும் ஒரே தராசில் வைக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் பத்துக்கு எட்டு என்பது பத்துக்கு ஐந்தாகக் குறைந்தாலும், ‘இனிச் சரிவராது’ என்ற தீர்ப்பு பொய்த்தீர்ப்புத்தான்.

“பட்டினி போடுங்கோ, குடல் ஆறட்டும்” என்பதும் எங்கள் வைத்தியம். 2003 இல் தென்னாபிரிக்காவின் பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தார் 30 பார்வோக் குட்டிகளில் பார்த்தார்கள்: சத்தி நிற்கும் வரை பட்டினி போட்டவற்றைவிட, முதல் நாளிலேயே குழாயால் சிறிது சிறிதாக உணவு ஏற்றியவை வேகமாகத் தேறின. சின்னக் குட்டிக்கு உடம்பில் சேமிப்பு இல்லை. இரண்டு நேரம் வயிறு காய்ந்தாலே சீனி இறங்கித் தள்ளாடும். நாங்கள் அதைப் பார்த்து, ‘பாருங்கோ, முடிஞ்சுது’ என்போம்.

ஆக, பார்வோ என்றால் செய்ய நிறைய இருக்கிறது; பார்வோ இல்லையென்றால் செய்ய வேறு வேறு இருக்கிறது. எதைச் செய்வது என்று முடிவெடுக்கத்தான் நோயின் பெயர் வேண்டும்.

இங்கே ஒரு நடுவழிக்காரர் வருவார். “டெஸ்ற் வேண்டாம், ஆனா சும்மாவும் விடவேண்டாம். எல்லாத்திலயும் கொஞ்சம் கொஞ்சம் குடுத்துப் பாப்பம்.” இவர்தான் எல்லோரிலும் ஆபத்தானவர். அவர் கையில் முதலில் வருவது அரைப் பனடோல். கணக்கைப் பார்ப்போம். ஒரு பனடோலில் 500 மில்லிகிராம் மருந்து, அரைவாசி 250. குட்டி இரண்டு கிலோ. கிலோவுக்கு 125 மில்லிகிராம். நாயின் உடம்பில் கிலோவுக்கு 100 மில்லிகிராம் அளவிலேயே ஈரல் பழுதாகத் தொடங்கும். அறுபது கிலோ மனிதர் ஒருவர் பதினைந்து பனடோலை ஒரே மூச்சில் விழுங்கியதற்குச் சமன் அந்த அரைவாசி. வயிற்று நோவுக்கென்று கொடுக்கிற டைக்குளோபெனாக், இபுபுரோபன் குளிசைகள் இன்னும் மோசம். உரிந்த குடலில் புண்ணைக் கிளப்பும், சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

அடுத்தது பிளாஜில் என்ற அன்ரிபயோட்டிக். எங்கள் வீட்டு மருந்துப் பெட்டிகளில் அது இல்லாத நாளில்லை. ஜியார்டியாவுக்கு அது கேட்கலாம். ஆனால் எந்த வயிற்றோட்டத்துக்கும் எடுத்த எடுப்பில் கொடுத்தால், குடலில் இருக்கிற நல்ல கிருமிகளையும் சேர்த்து அழித்து வாரக்கணக்கில் வயிற்றைக் குழப்பும். அளவு மிஞ்சினால் நாய் தலை ஆடி விழும். சாதாரணத் திடீர் வயிற்றோட்டத்துக்கு அன்ரிபயோட்டிக் வேண்டாம் என்றுதான் 2024 இல் ஐரோப்பிய நிபுணர் குழு வெளியிட்ட வழிகாட்டல் சொல்கிறது. ‘எல்லாத்திலயும் கொஞ்சம்’ என்பது நடுநிலைபோலத் தோன்றும். குட்டியின் ஈரலிடம் கேட்டால் வேறு கதை சொல்லும்.

சூட்டிக்கு நாங்கள் கொடுத்ததும் இதுதான். முதல் நாள் பூச்சி மருந்து. இரண்டாம் நாள் தேயிலைச் சாயமும் மாதுளங்கோது அவித்த தண்ணியும். இரவு, உடம்பு கொதிக்குது என்று, நல்ல காலமாக அரைவாசிகூட இல்லாத ஒரு பனடோல் துண்டு. மூன்றாம் நாள் காலை, கழுத்துத் தோலை இழுத்துவிட்டால் திரும்பப் படியாமல் கூடாரம் மாதிரி நின்றது. அப்போதுதான் பயம் பிடித்தது. பழைய ஜாம் போத்தல் ஒன்றைக் கழுவி, முற்றத்தில் கிடந்ததைக் கரண்டியால் அள்ளி அடைத்தேன். சூட்டியைச் சாக்கில் சுற்றி மனைவி மடியில் வைத்துக்கொண்டாள். படலையடியில் நின்றவர்கள் சிரித்தார்கள். “நாய்ப்பீயைப் போத்தல்ல கொண்டு போறான், பாத்தியளே!”

நாங்கள் போய்ச் சேர்ந்த கால்நடை வைத்தியர் சிரிக்கவில்லை. போத்தலைத் திறந்தார். கண்ணாடித் துண்டில் ஒரு துளி சேலைன் விட்டு, நெருப்புக்குச்சி முனையில் தொட்டதை அதில் கலக்கி, மேலே மெல்லிய கண்ணாடி ஒன்றை வைத்து நுணுக்குக்காட்டியின் கீழ் நகர்த்தினார். பிறகு என்னையும் பார்க்கச் சொன்னார். மங்கலான ஒளிக்குள் ஒரு நீள்வட்டம், கண்ணாடிபோல மெல்லிய ஓடு, உள்ளே திராட்சைக் குலைபோல நாலைந்து கலங்கள். கொக்கிப்புழு முட்டை. ‘பூச்சிக் கட்சி வென்றுவிட்டது’ என்று நினைத்தேன். அவர் தலையை ஆட்டினார். “இது இருக்கு. ஆனா இவ்வளவு சத்திக்கு இது காணாது.” சிறிய பட்டி ஒன்றில் இன்னொரு பரிசோதனை. பத்து நிமிடத்தில் இரண்டு கோடு விழுந்தது. பார்வோவும் இருந்தது.

ஒரு கட்சியும் முழுக்கச் சரியில்லை, ஒரு கட்சியும் முழுக்கப் பிழையில்லை. இரண்டு நோய் ஒரே குட்டியில் இருக்கலாம் என்பதை எங்கள் வளவுத் தீர்ப்பு ஒன்றாவது யோசித்ததா?

அவர் அதன் பிறகு கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. “இதுக்கு முன்னம் உங்கட வளவில குட்டி ஏதும் செத்ததோ?” செத்தது என்றேன். “என்ன வருத்தம்?” என்னிடம் பதில் இல்லை.

‘இன்னொரு குட்டி எடுத்தாப் போச்சு’ என்று ஊர் சொல்வதற்கு மறுப்பு என் வாயில் அந்த மௌனமாக வந்தது. பார்வோ வைரசு நிழலான, ஈரமான மண்ணில் மாதக்கணக்கில், ஒரு வருடம்கூட, உயிர்ப்போடு கிடக்கும். வெயில் அதைக் குறைக்கும், மாரி காக்கும். டெட்டோலும் பினைலும் மணக்கும், ஆனால் அதைக் கொல்லும் என்று நம்ப முடியாது. சீமெந்துத் தரையையும் சாப்பாட்டுக் கோப்பையையும் முதலில் ஊத்தை போகக் கழுவி, பிறகு உடுப்பு வெளுக்கிற குளோரின் தண்ணியில் ஒரு பங்குக்கு முப்பது பங்கு தண்ணி கலந்து பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். மண் முற்றத்தில் அதுவும் முழுதாக வேலை செய்யாது. தடுப்பூசி முடித்த நாயைத் தவிர வேறு குட்டியை அங்கே கொண்டுவராமல் இருப்பதே வழி. முதல் குட்டிக்கு வந்தது பார்வோவா? இருக்கலாம் என்பதற்கு மேல் அவரால் சொல்ல முடியவில்லை. சொல்லக்கூடியது முருங்கைக்குக் கீழே கிடந்தது. அந்த நோய்க்கு நான் அன்று பெயர் கேட்டிருந்தால் சூட்டி இந்த வளவுக்கே வந்திராது.

“ஊசி போட்டும் வந்ததே” என்று இன்னொரு வாதம். எங்கள் பக்கத்தில் ‘ஊசி போட்ட நாய்’ என்றால் முக்கால்வாசி வேளை விசர்நாய்த் தடுப்பூசி. அரசாங்கம் ஊருக்கு வந்து இலவசமாகப் போடுவது அது; அவசியமானதும் அதுவே. ஆனால் அது பார்வோவைத் தடுக்காது. பார்வோ ஊசி வேறு, காசு கொடுத்துப் போட வேண்டும், ஒன்றோடும் முடியாது. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியைக் காக்கிறபோதே ஊசியின் வேலையையும் கெடுத்துவிடும். அது எந்தக் கிழமை வடியும் என்று குட்டிக்குக் குட்டி வித்தியாசம். அதனால்தான் ஆறு முதல் எட்டுக் கிழமையில் தொடங்கி, இரண்டு முதல் நான்கு கிழமைக்கு ஒரு தடவையாக, குட்டிக்கு 16 கிழமை ஆகும்வரை போட வேண்டும் என்று உலகச் சிறு விலங்குக் கால்நடை வைத்தியச் சங்கம் சொல்கிறது. ஆறாம் கிழமை ஒன்று போட்டுவிட்டு ‘ஊசியால பிரயோசனமில்லை’ என்பவர், நாற்றுமேடையில் ஒருநாள் தண்ணி விட்டுவிட்டு விளைச்சல் இல்லையே என்கிறவர்.

இனி எதிர்த்தரப்பின் மிகப் பலமான வாதம். அதற்கு மரியாதையோடுதான் பதில் சொல்ல வேண்டும். “மனிசரையே பார்க்க ஆளில்லாமல் இருந்து வந்தனாங்கள். நாய்க்குட்டிக்கு டெஸ்ற்றோ?”

இதைச் சொல்பவர்களுக்குச் சொல்லும் உரிமை இருக்கிறது. 1996 இல் போரால் கிளிநொச்சி இடம்பெயர்ந்தபோது ஸ்கந்தபுரமும் அக்கராயனும் மர நிழல்களில் சனத்தைத் தாங்கியவை. 2008 இன் பிற்பகுதியில் இந்த ஊரே எழும்பிப் போனபோது கட்டியிருந்த நாய்களை அவிழ்த்துவிட்டு, உழவு இயந்திரப் பெட்டியில் ஏறித் திரும்பிப் பார்க்காமல் போனவர்கள் அவர்கள். திரும்பிப் பார்த்தால் நாய் பின்னால் ஓடி வரும். அந்த நாய்களைப் பற்றி அவர்கள் இன்றைக்கும் கதைக்கமாட்டார்கள். ‘தப்புறது தப்பும்’ என்ற வசனம் அந்த நாட்களில் பிறந்திருந்தால் அதை நான் குறை சொல்லேன்; அன்றைக்கு அது மனம் உடையாமல் இருக்கப் பிடித்த ஊன்றுகோல். இன்றைக்குக் கரண்ட் இருக்கிறது, றோட்டு இருக்கிறது, வீட்டுக்கொரு மோட்டார் சைக்கிள் இருக்கிறது. கால் சுகமான பிறகும் ஊன்றுகோலோடு நடந்தால் கால்தான் சூம்பும்.

காரணம் தேடத் தெரியாத சனமும் இல்லை நாங்கள். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலோடு வந்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் செத்தபோது யாரும் ‘போறது போகும்’ என்று இருக்கவில்லை. தொற்று நோயோ, நஞ்சோ, குளிரோ என்று ஊரே கேட்டது; அதிகாரிகள் வந்து மாதிரி எடுத்து ஆராய்ந்து, கடுங்குளிரே காரணம் என்று சொன்ன பிறகுதான் மற்றப் பட்டிக்காரருக்கு மூச்சு வந்தது. மாட்டுக்குக் கேட்ட கேள்வியை நாய்க்குக் கேட்கக் கூடாதா? நாய் பால் தராது, அது சரி. ஆனால் நாயின் புழு பிள்ளைகளுக்கு வரும். இலங்கையில் ஒரு புனுகுப்பூனையிலிருந்து எடுத்து 1911 இல் முதன்முதலில் விவரிக்கப்பட்ட கொக்கிப்புழு இனம் ஒன்றுக்கு எங்கள் நாட்டின் பெயரையே வைத்திருக்கிறார்கள்: அன்கைலோஸ்ரோமா சிலானிக்கம். நாய், பூனையிலிருந்து மனிதக் குடலுக்குள் வந்து வளரக்கூடியது அது. குட்டிகளின் உருண்டைப்புழு முட்டைகள் மண்ணில் சில கிழமை கிடந்து முற்றி, பிள்ளையின் நகக்கண் வழியாக வயிற்றுக்குப் போனால், கண்வரை கெடுக்கலாம். வெறுங்காலோடு அதே முற்றத்தில் ஓடுவது எங்கள் பிள்ளைகள்தான்.

நாய்க்கு இந்த நாட்டில் யாரும் தட்டிக்கழிக்காத நோயறிதல் ஒன்று உண்டு. கடித்த நாய் செத்தால் தலையை ஐஸில் வைத்துக் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்புவது. செத்த தலைக்குக் கிடைக்கும் அந்த அக்கறையில் கொஞ்சம் உயிரோடிருக்கும் குட்டியின் வயிற்றுக்கும் கிடைக்கட்டும் என்பதே என் வாதம்.

எதிர்த்தரப்பிடம் நியாயம் இருக்கும் இடங்களையும் ஒத்துக்கொள்ள வேண்டும். பஸ்ஸில் நாயை ஏற்றமாட்டார்கள். அரசாங்கக் கால்நடை வைத்தியருக்குச் சினைப்படுத்தலும் கால்வாய் நோய்த் தடுப்பூசியுமாகவே நாள் போய்விடும். பேராதனையில் உள்ள ஒரே பீடத்திலிருந்து வரவேண்டியவர்கள் வன்னிவரை வந்து நிலைப்பது அரிது. பார்க்காமலே ஊசி போடுகிறவர்களும் உண்டு. பரிசோதனையும் வேதவாக்கு இல்லை: பார்வோப் பட்டி நோயின் தொடக்கத்திலோ கடைசியிலோ பிழையாக ‘இல்லை’ காட்டலாம், கொக்கிப்புழு முட்டை மலத்தில் வரமுதலே குட்டி இரத்தமின்றி விழலாம். இதெல்லாம் உண்மை. ஆனால் இந்தக் குறைகள் எல்லாம் கூடிச் சொல்வது ‘இன்னும் கவனமாகக் கேள்’ என்பதைத்தான். ‘கேட்காதே’ என்பதை இல்லை.

நோயறிதல் என்றதும் பெரிய மெசினை நினைத்துப் பயப்படுவதே பாதிப் பிழை. அது வீட்டு முற்றத்திலேயே தொடங்குகிறது, காசும் கேட்காது. குட்டிக்கு எத்தனை கிழமை? எந்த ஊசி, எத்தனையாம் ஊசி? கடைசியாகப் பூச்சி மருந்து எப்போது, எது? என்ன தின்றது? முதலில் வந்தது சத்தியா, வயிற்றோட்டமா? முரசு எந்த நிறம்? கழுத்துத் தோல் படிகிறதா? இவ்வளவையும் ஒரு துண்டில் எழுதி, அன்றைய மலத்தை மூடியுள்ள போத்தலில் எடுத்துக்கொண்டு, முதல் நாளே போய்ச் சேர வேண்டும். போக வழியே இல்லையென்றால் கைத்தொலைபேசியில் படத்தை அனுப்பியாவது கேட்கலாம். மூன்றாம் நாள் போனவன் சொல்கிறேன்.

சூட்டி தப்பவில்லை. சேலைன் ஏற்றி, ஊசி போட்டு, இரண்டு இரவு விழித்திருந்தோம். ஐந்தாம் நாள் போய்விட்டது. “பாத்தியளே, நாங்கள் சொன்னனாங்கள்” என்று படலையடியில் குரல் கேட்டது. அவர்கள் சொன்னது நடந்தது என்று ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது நடப்பதற்கு இரண்டு நாளை அவர்களோடு சேர்ந்து கொடுத்தவனும் நான்தான்.

இந்த முறை பெயர் தெரிந்த சாவு. ஆகவே செய்ய வேலை இருந்தது. குட்டியை வளவுக்கு வெளியே ஆழமாகத் தாட்டோம். திண்ணையையும் கோப்பையையும் குளோரின் தண்ணியில் கழுவினோம். பின்வீட்டு நாய் போட்ட ஐந்து குட்டிகளுக்கு அப்போது ஆறு கிழமை. ஒன்றையும் எங்கள் பக்கம் விடவேண்டாம் என்று அந்த அக்காவிடம் போய்ச் சொல்லி, ஊசிக்கு ஒரே பயணத்தில் பெட்டியோடு கொண்டுபோனோம்.

போன கிழமை அந்த அக்கா வேலிக்கு மேலால் கூப்பிட்டா. ஐந்தில் ஒன்று இரண்டு தரம் இளகப் போயிருக்கிறது. கையில் கழுவிய யோகட் கோப்பை ஒன்று, மேலே பொலித்தீன் சுற்றி, றப்பர் வளையம் போட்டிருந்தது.

“தம்பி, இவ்வளவு காணுமோ, இன்னும் கொஞ்சம் அள்ளவோ?”